படத்தில் விழாத பஞ்சு

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிற ஒருவர் ஸ்கேன் எடுக்க வேண்டுமானால் ஒரு ஷிப்டை விட வேண்டும். பரிசோதனைக் கட்டணத்தோடு அன்றைய கூலியும் போகும். அவ்வளவு கொடுத்து வாங்கிய பெரிய கவரை மடியில் வைத்துக்கொண்டு டாக்டர் எதிரே உட்காரும்போது, விடை அதற்குள்தான் இருக்கிறது என்று அவர் நம்புவது இயல்பு. சிக்கல் என்னவென்றால், சில சமயம் டாக்டரும் அப்படியே நம்பிவிடுகிறார்.

படம் எங்கே வெல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். காசநோயிலிருந்து தொடங்குவோம். 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளியை வீட்டில் வைத்தே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று 1959-இல் உலகுக்குக் காட்டியது. நோயாளியைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதே அடுத்த கேள்வி. ஊர் முழுவதையும் எக்ஸ்ரே எடுக்க ஏழை நாட்டால் முடியாது. அதனால் 1962-இல் தொடங்கிய தேசியத் திட்டம், இருமலோடு தானாக ஆஸ்பத்திரிக்கு வருபவரின் சளியைச் சோதிப்பதையே பெரிதும் நம்பியது. அன்றைய கையிருப்புக்கு அது சரியான முடிவு.

அந்த முடிவில் இருந்த ஓட்டையை 2019-21 தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பு அளந்து காட்டியது. அறிகுறியைக் கேட்பதோடு நில்லாமல் மார்பு எக்ஸ்ரேயும் எடுத்ததில், கண்டறியப்பட்ட நோயாளிகளில் 42.6 விழுக்காட்டினர் எக்ஸ்ரேயால் மட்டுமே பிடிபட்டார்கள். எக்ஸ்ரே இல்லாவிட்டால் அவர்கள் வழக்கம்போல் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். லைன் வீட்டில் ஒரே அறையில் பலர் தங்கி, ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற ஊரில் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. கையில் தூக்கிச் செல்லும் எக்ஸ்ரே கருவிகள் வந்துவிட்டன. படத்தைக் கணினியே படித்துச் சந்தேகத்தைச் சுட்டும் முறையையும் உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்துவிட்டது. கருவி கம்பெனி வாசலுக்கு வந்தால் ஷிப்டும் மிச்சம். ஆனாலும் நிழல் வேறு, நோய் வேறு. ஆறிப்போன பழைய தழும்பும் படத்தில் நிழலாகத்தான் விழும். சளியைச் சோதிக்காமல், நிழலை மட்டும் நம்பி ஆறு மாத மருந்தைத் தொடங்குவது பொறுப்பான வைத்தியம் ஆகாது.

சிகிச்சைக்கு வழிகாட்டுவதிலும் படத்துக்கு மாற்றில்லாத இடங்கள் உண்டு. பக்கவாதம் தாக்கியவரின் மூளையில் அடைப்பா, கசிவா என்பதை சி.டி. ஸ்கேன்தான் சொல்ல வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்தைக் கசிவு உள்ளவருக்குக் கொடுத்தால் அதுவே உயிரைப் பறித்துவிடும். மருந்து கொடுக்கப் பொதுவாக நான்கரை மணி நேரமே கெடு. அங்கே ஸ்கேன் கருவி தொலைவில் இருப்பதே எதிரி.

இனி மறுபக்கம். காசநோயில் உடல் சொல்லாததைப் படம் சொல்கிறது. பஞ்சுத் தூசியால் வரும் நோயில் உடல் சொல்வதைப் படம் சொல்வதில்லை. பல்லடம், உடுமலை, அவிநாசிப் பக்கத்து ஸ்பின்னிங் மில்களில் ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும் தூசி அதிகம். பல ஆண்டுகள் அதைச் சுவாசிப்பவருக்கு வரக்கூடிய ‘பிசினோசிஸ்’ நோய்க்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு: வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சை அடைக்கும், வாரம் நகர நகரத் தளரும். நோய் முற்றினால் எல்லா நாளும் திங்கட்கிழமைதான். இந்த நோய்க்கே உரிய அடையாளம் எதுவும் எக்ஸ்ரேயில் விழுவதில்லை. 1950-களில் ரிச்சர்ட் ஷில்லிங் என்ற மருத்துவர் பிரிட்டிஷ் நூற்பாலைகளில் இதன் படிநிலைகளை வகுத்தபோது அடிப்படையாகக் கொண்டது, எந்த நாளில் நெஞ்சு அடைக்கிறது என்ற தொழிலாளியின் பதிலைத்தான். அமெரிக்கா 1978-இல் கொண்டுவந்த பஞ்சுத் தூசி விதி, காற்றில் இருக்கும் தூசிக்கு வரம்பு கட்டியது. ஷிப்டுக்கு முன்னும் பின்னும் மூச்சை ஊதி அளக்கச் சொன்னது. படம் எடு என்று கட்டாயப்படுத்தவில்லை.

நம் நாட்டுச் சட்டத்தில் இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்களின் பட்டியலிலும் இந்த நோய் இருக்கிறது. ஆனால் ‘எக்ஸ்ரே நார்மல்’ என்று எழுதிய ஒரு தாள், நோயையும் உரிமையையும் சேர்த்தே மூடிவிட முடியும். குறை கருவியுடையது இல்லை. தவறான கேள்வியைக் கேட்டுவிட்டு, வந்த பதிலைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதில்தான் கோளாறு.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு: படம் தேவைக்கு மேல் பேசுவது. ஓவர்லாக் மிஷினில் நாள் முழுக்கக் குனிந்திருக்கும் டைலருக்கு இடுப்பு வலிக்கத்தான் செய்யும். எம்.ஆர்.ஐ. எடுத்தால் ‘டிஸ்க் தேய்மானம்’ என்று வரக்கூடும். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான ஒரு கட்டுரைப்படி, 20 வயதினரிலேயே 37 விழுக்காட்டினருக்கு இந்தத் தேய்மானம் உண்டு. 80 வயதில் அது 96 விழுக்காடு. நரை போல வயதோடு வருவதை நோயென்று எழுதிக் கொடுத்தால் மனிதர் பயந்து முடங்குவார், அல்லது கத்திக்குத் தயாராவார். நாற்காலியின் உயரத்தை மாற்றியிருந்தால் போயிருக்கக்கூடிய வலி அது. கால் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்படாதது போன்ற அபாய அறிகுறிகள் இருந்தால் ஸ்கேன் அவசியம். அவை இல்லாத வலிக்குச் சில வாரம் பொறுக்கலாம்.

பொறுக்கவிடாமல் தடுப்பவற்றில் பணமும் ஒன்று. பரிசோதனைக்கு அனுப்புவதற்காக மருத்துவர் கமிஷன் வாங்குவதை 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் தடை செய்கின்றன. ஆனாலும் ஸ்கேன் மையம் கடனில் வாங்கிய கருவி ஓடினால்தான் தவணை கட்ட முடியும். நோயாளி பக்கத்திலும் ஒரு பிழை உண்டு: ஸ்கேன் எழுதாத டாக்டரை நாமே ‘சரியாகப் பார்க்கவில்லை’ என்கிறோம்.

கருவியைக் குறை சொல்லி ஒதுக்குவதால் தொழிலாளிக்கு எந்தப் பயனுமில்லை. என்ன வேலை, எத்தனை வருடம், எந்த நாளில் அதிகம் என்ற மூன்று கேள்விகள் படத்துக்கு முன்னால் வர வேண்டும். அவற்றுக்கு ஷிப்டும் போகாது, காசும் ஆகாது. காசநோய்க்காக மில் வாசலுக்கு வரும் எக்ஸ்ரே வண்டியிலேயே மூச்சளவுக் கருவியும் ஏறட்டும். அது வார விடுமுறைக்கு மறுநாள் வரட்டும். அன்று காலையில் ஒரு முறையும் ஷிப்ட் முடிந்து ஒரு முறையும் ஊதச் சொன்னால், படத்தில் விழாத பஞ்சு அந்த இரண்டு எண்களுக்கு நடுவே தெரிந்துவிடும்.