நாற்பது ஆண்டுப் பேரேடு

கல்நார் என்று பெயர் வைத்தவர் அதைத் தொட்டுப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும். கல்தான், ஆனால் நார்நாராக உரியும். எங்கள் கரடியூர்ப் பக்கம் அந்தச் சொல் புழங்காது, "சிமெண்ட் சீட்டு" என்போம். எங்கள் வீட்டுக்குச் சீட்டு போட வந்த அண்ணன் ரம்பத்தால் அறுத்துவிட்டு, தலையில் விழுந்த தூசியைத் துண்டால் தட்டிக்கொண்டே டீ குடித்தது நினைவிருக்கிறது. அந்தத் துண்டில்தான் வாயையும் துடைத்தார்.

அந்த நினைவோடுதான் கல்நார்த் தொழிலாளர் பற்றி உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரி 27 அன்று அளித்த தீர்ப்பைப் படித்தேன். அகமதாபாத்தின் நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கு. தொழிலாளியின் உடல்நலமும் வாழும் உரிமைக்குள் அடக்கம் என்றது நீதிமன்றம். நோய் உறுதியானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு என்றும் சொன்னது.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு கட்டளை. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்ட பிறகு 15 ஆண்டுகள், இதில் எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும். இந்த நோயைப் புரிந்துகொண்டவர் எழுதிய வரி இது. நுரையீரலுக்குள் போன நார் அங்கேயே கிடக்கும். புற்றுநோயாகத் தலைகாட்ட 20, 30, 40 ஆண்டுகள்கூட ஆகும். ஆள் மறந்தாலும் ஏடு மறக்கக் கூடாது.

சரி, ஏட்டை யார் எழுதுவது? தீர்ப்பு முதலில் ஆலைகளைப் பார்த்துப் பேசுகிறது. சிறுதொழில்களையும் சேர்ப்பது பற்றி ஆலோசிக்கச் சொல்லும் இடத்திலும் "உற்பத்தி" என்ற சொல்லோடு நின்றுவிடுகிறது. சீட்டு அறுக்கிறவர் எதையும் உற்பத்தி செய்யவில்லையே! பழைய கூரையைப் பிரிக்கிறவரும் அப்படித்தான்.

இது நம் நாட்டுக் கோளாறு மட்டுமல்ல. பிரிட்டனில் 363 கல்நார் நெசவாலைத் தொழிலாளர்களைச் சோதித்த அறிக்கையை மெரிவெதரும் பிரைஸும் 1930-இல் வெளியிட்டார்கள். நாலில் ஒருவருக்கு நுரையீரல் தடித்திருந்தது. அடுத்த ஆண்டே விதிகள் வந்தன, ஆனால் ஆலைக்குள். கட்டடங்களில் கல்நாரை அறுத்த தச்சர், குழாய்க்காரர், மின் பணியாளர் யாரும் அதில் வரவில்லை. பிறகு சாவுக் கணக்கில் அவர்கள்தான் முன்னால் வந்தார்கள். ஜூலியன் பீட்டோவும் சக ஆய்வாளர்களும் இதை எழுதியது, நம் தீர்ப்பு வந்த அதே 1995-இல். பிரிட்டன் 1999-இல் முழுத் தடை போட்டது. நாம் சுரங்கக் குத்தகைகளை நிறுத்திவிட்டு, கல்நாரை ரஷ்யாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் இறக்கிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே "ஆலைகளில் தூசி குறைந்துவிட்டது" என்று வரைபடம் காட்டினால் நம்பலாம். தூசி எங்கே போனது என்றும் கேட்க வேண்டும். நாளைக்கு அந்த அண்ணன் இருமிக்கொண்டு சேலத்துக்கு இறங்கினால், "பீடி குடிப்பியா?" என்று கேட்பார்கள். முப்பது வருஷத்துக்கு முன்னாடி என்ன வேலை பார்த்தே என்று கேட்க, அவர் பெயர் எழுதிய ஏடு எங்கேயும் இல்லை.