வந்து போகும் மருத்துவம்

அமெரிக்காவில் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டோர் மருத்துவக் காப்பீடு இல்லாமல் வாழ்கிறார்கள். அவர்களுக்காக நடக்கும் இலவச நடமாடும் முகாம்களைச் சிலர் மனிதநேயம் என்று போற்றுகிறார்கள். பணக்கார நாட்டுக்கு இது தலைக்குனிவு என்று சிலர் கடிகிறார்கள். இரு தரப்பும் விட்டுவிடுகிற கேள்வி ஒன்று உண்டு: இந்த மருத்துவம் எந்த நோய்க்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது?

இதற்கு நல்ல சான்று ‘ரிமோட் ஏரியா மெடிக்கல்’. தென் அமெரிக்கக் காட்டுப்புற மக்களை மனத்தில் வைத்து ஸ்டான் பிராக் 1985-இல் தொடங்கிய இந்த அமைப்பு, பின்னர் அமெரிக்காவுக்குள்ளேயே ஊர் ஊராக முகாம் போட்டது. வர்ஜீனியாவின் நிலக்கரி வட்டாரமான வைஸ் கவுன்டியில் பொருட்காட்சித் திடலின் கால்நடைக் கொட்டில்கள் திரை கட்டிப் பரிசோதனை அறைகளாயின. முதல் நாளே வந்து காரில் தூங்கி, விடியுமுன் எண் சீட்டு வாங்கியவர்களில் பெரும்பாலோர் பல்லுக்கும் கண்ணுக்குமே வந்தார்கள். காரணம் வெளிப்படை. முதியோருக்கான மெடிகேர் வழக்கமான பல் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. ஏழைகளுக்கான மெடிகெய்டில் பெரியவர்களின் பல் சிகிச்சையைச் சேர்ப்பது அந்தந்த மாநிலத்தின் விருப்பம். அதனால் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவரும் இந்த வரிசைக்கு வருகிறார். பார்வையைச் சோதித்து, அங்கேயே வில்லை தேய்த்து, கண்ணாடியைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். ஒரே வருகையில் முடிகிற வேலைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு அரிது.

குறையும் அந்த ஒரே வருகையில்தான் இருக்கிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருப்பதைக் கண்டுபிடித்துச் சொல்லலாம். அடுத்த மாதம் மருந்தின் அளவைச் சரிபார்க்க யார் இருக்கிறார்கள்? பல்லிலும் இதே சிக்கல். வேர் சிகிச்சைக்கு நேரமும் மறுவருகையும் வேண்டும். பிடுங்கினால் அன்றே வலி தீரும். ஆகவே காப்பாற்றக்கூடிய பல்லும் போய்விடுகிறது.

குறை சக்கரத்தில் இல்லை என்பதற்கும் அதே வைஸ் கவுன்டியே சாட்சி. பெர்னி கென்னி என்ற கன்னியாஸ்திரி 1980-இல் ஒரு ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரில் தொடங்கிய ‘ஹெல்த் வேகன்’ அதே மக்களிடம் மீண்டும் மீண்டும் போகிறது. லாஸ் ஏஞ்சலஸில் 1995-இல் புறப்பட்ட ‘பிரெத்மொபைல்’ ஆஸ்துமா உள்ள பிள்ளைகளைப் பள்ளியிலேயே பார்த்து, சில வாரம் கழித்துத் திரும்பவும் வருகிறது. நாள்பட்ட நோய்க்கு வேண்டியது இந்தத் தொடர்ச்சிதான்.

இலவச முகாம் அரசைத் தன் கடமையிலிருந்து தப்பவிடுகிறது என்பார்கள். வர்ஜீனியாவில் முகாம்கள் நடந்துவந்த நிலையிலேயே 2019 ஜனவரியில் மெடிகெய்டு விரிவாக்கப்பட்டது. 2021 ஜூலையில் பெரியவர்களின் பல் சிகிச்சையும் சேர்ந்தது. ‘ரிமோட் ஏரியா மெடிக்கல்’ தலைமையகம் உள்ள டென்னசி இன்னும் விரிவாக்கவில்லை. இரண்டு மாநிலத்திலும் முகாம் உண்டு, முடிவு வேறு. கடமையைச் செய்வதும் தட்டிக்கழிப்பதும் சட்டமன்றத்தின் வேலை. அந்தப் பழியை முகாமின் தலையில் கட்டுவது நியாயமில்லை. முகாமை மூடினால் பல்வலிக்காரருக்கு வலி மட்டுமே மிஞ்சும்.

ஆனால் நடத்துவோர் பெருமையாகச் சொல்லும் தலைக்கணக்கை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. நன்கொடை தருபவர் ‘எத்தனை பேரைப் பார்த்தீர்கள்’ என்பதோடு நிறுத்தாமல், ‘அவர்களில் எத்தனை பேரை நிலையான மருத்துவரிடம் ஒப்படைத்தீர்கள்’ என்றும் கேட்கட்டும். அதற்குப் பதில் வைத்திருக்கும் முகாமுக்கே பணம் போகட்டும்.