மேசைவிரிப்பை நீக்கிய உணவகங்கள்

அமெரிக்க உணவகத் தொழிலில் ‘அப்ஸ்கேல் கேஷுவல்’ எனப்படுவது ஓர் இடைப்பட்ட வகை. துரித உணவுக் கடைக்கும், வெள்ளை மேசைவிரிப்பும் உடைக் கட்டுப்பாடும் கொண்ட ஆடம்பர உணவகத்துக்கும் நடுவே இது அமைகிறது. மூலப்பொருளிலும் சமையலிலும் ஆடம்பர உணவகத்தின் தரத்தை எட்ட முயல்கிறது. உண்ண வருபவரின் உடை, பேச்சு, பழக்கம் ஆகியவற்றில் எதையும் வற்புறுத்துவதில்லை. இவ்வகையின் வளர்ச்சியை நல்ல உணவு எல்லோருக்கும் பொதுவான நிகழ்வாகப் போற்றுவோர் உண்டு. உண்பவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது சரியே. பரிமாறுபவரும் சமைப்பவரும் இருக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது.

தோற்றம்

இதன் தொடக்கத்தைக் கலிபோர்னியாவில் காணலாம். ஆலிஸ் வாட்டர்ஸ் 1971-இல் பெர்க்லி நகரில் தொடங்கிய ‘ஷே பனீஸ்’ உணவகம், அன்றன்று முடிவு செய்த ஒரே விருந்து வரிசையை அனைவருக்கும் பரிமாறியது. 1980-இல் அதன் மாடியில் ஒரு கஃபே திறக்கப்பட்டது. அங்கே பீட்சா உண்டு. வேண்டியதை மட்டும் கேட்டு வாங்கலாம். 1982-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் வுல்ஃப்காங் பக் ‘ஸ்பாகோ’வைத் தொடங்கினார். பிரான்சில் தொழில் பழகிய அவர் பீட்சாவின் மேல் புகையூட்டிய சால்மன் மீனை வைத்தார். சமையலறையை உண்பவர் பார்க்கும்படி அமைத்தார். ஸ்பாகோவில் பீட்சா செய்த எட் லடூ வகுத்துக் கொடுத்த பட்டியலுடன் 1985-இல் ‘கலிபோர்னியா பீட்சா கிச்சன்’ தோன்றியது. ஒரு சமையற்காரரின் புதுமை மூன்றே ஆண்டுகளில் பல கிளைகளாகப் பெருகக்கூடிய வணிகமுறையாக மாறியது.

ஈர்ப்பின் காரணங்கள்

பழைய ஆடம்பர உணவகம் வருபவருக்கு ஒரு தேர்வுபோல இருந்தது. பிரெஞ்சுப் பெயர்களை உச்சரிக்க வேண்டும். எந்த முள்கரண்டியை எப்போது எடுப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். பணம் இருந்தும் கூச்சத்தால் ஒதுங்கியவர்கள் பலர். புதிய வகை அந்தக் கூச்சத்தை நீக்கியது. அலுவலக உடையிலேயே வரலாம், குழந்தைகளை அழைத்து வரலாம், ஒரே ஒரு பண்டம் சாப்பிட்டுவிட்டும் போகலாம்.

உரிமையாளருக்கும் இதில் ஆதாயம் உண்டு. விரிப்புகளைச் சலவை செய்யும் செலவு இல்லை. விருந்து மூன்று மணி நேரம் நீளாததால் ஒரே மேசையில் ஒரு மாலைக்குள் இரண்டு மூன்று குழுவினர் அமர்கின்றனர். வாடிக்கையாளர் சுதந்திரமாக உணர்வதும் உரிமையாளர் செலவைக் குறைப்பதும் இங்கே ஒன்றாக நடக்கின்றன. வளர்ச்சிக்கு இதுவே முதன்மைக் காரணம்.

மதிப்பீடு

இவ்வகையின் சிறந்த எடுத்துக்காட்டு, 1985-இல் நியூயார்க்கில் ‘யூனியன் ஸ்கொயர் கஃபே’யைத் தொடங்கிய டேனி மேயர். 2001-இல் மேடிசன் ஸ்கொயர் பூங்காவில் அவரது நிறுவனம் நடத்திய ஹாட் டாக் வண்டி 2004-இல் ‘ஷேக் ஷாக்’ என்ற கடையானது. 2015-இல் பங்குச் சந்தைக்கு வந்தது. உணவகத்தில் முதலிடம் பணியாளருக்கு, அடுத்த இடமே விருந்தினருக்கு என்பது மேயர் வலியுறுத்திய கொள்கை.

அக்கொள்கை டிப்ஸ் முறையில் சோதனைக்கு உள்ளானது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் டிப்ஸ் பெறும் ஊழியருக்கு உரிமையாளர் நேரடியாகத் தரவேண்டிய கூலியை மணிக்கு 2.13 டாலர் என 1991-இல் நிர்ணயித்தது. அத்தொகை பின்னர் பல்லாண்டுகள் உயர்த்தப்படவில்லை. மீதியை உண்பவரின் டிப்ஸ் நிரப்ப வேண்டும். அதிலும் குறைந்தால்தான் உரிமையாளர் ஈடுகட்டுவார். கலிபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்கள் இதைவிட உயர்ந்த கூலியைக் கட்டாயமாக்கியுள்ளன. ஆனால் நியூயார்க்கில் டிப்ஸைச் சமையலறை ஊழியருடன் பகிரச் சட்டம் இடம் தரவில்லை. ஆகவே ஒரே உணவகத்தில் பரிமாறுபவருக்கும் சமைப்பவருக்கும் இடையே வருமான இடைவெளி விரிந்தது.

2015-இல் மேயர் டிப்ஸை நிறுத்தி, அச்செலவைச் சேர்த்து உணவின் விலையை உயர்த்தத் தொடங்கினார். வருமானம் குறைந்த பரிமாறுநர் பலர் வெளியேறினர். பட்டியலில் கூடிய விலை விருந்தினர் கண்ணில் உறுத்தியது. 2020-இல் பெருந்தொற்றால் மூடிய உணவகங்களை மீண்டும் திறந்தபோது டிப்ஸ் முறை திரும்பியது. பணியாளரை முதலில் வைத்தவராலேயே அதை நிலைநிறுத்த முடியவில்லை என்பதால், குறையைத் தனிமனிதரின் மனப்பான்மையில் தேடுவதில் பயனில்லை. உழைப்பின் முழு விலையையும் பட்டியலில் எழுதினால் இவ்வகை உணவகத்தின் ‘கட்டுப்படியாகும்’ தோற்றம் கலைந்துவிடுகிறது.

உண்பவருக்கும் உணவுக்கும் நடுவே இருந்த தடையை இவ்வகை உண்மையாகவே அகற்றியது. அதன் சாதனை அது. ஆனால் சமையலறையைக் கண்ணாடிக்குப் பின்னே காட்டும் உணவகம், அங்கே நிற்பவரின் கூலியையும் அதே அளவுக்கு வெளிப்படையாக வைக்கும் வழியை இன்னும் கண்டடையவில்லை.