மோட்டாரை மாற்றும் முன் டிஃபரன்ஷியலைப் பாருங்கள்

டமியா டிடி-02 ரிமோட் காரை வாங்கியவர்கள் பலர் முதலில் கைவைப்பது மோட்டாரில்தான். பெட்டியோடு வரும் 540 மோட்டாரைக் கழற்றிவிட்டு அதைவிட வேகமான ஒன்றைப் போடுவார்கள். நேர்ப்பாதையில் கார் பறக்கும், வளைவில் வால் சுழன்றுவிடும். அந்தப் பணம் முதலில் போகவேண்டிய இடம் டிஃபரன்ஷியல் என்பது என் உறுதியான கருத்து.

2013-ல் வந்த இந்தச் சேஸிஸ் 1/10 அளவு, நான்கு சக்கரமும் ஓட்டும் வகை. முன் கியர்பாக்ஸையும் பின் கியர்பாக்ஸையும் ஒரு நீளத் தண்டு நேராக இணைக்கிறது. இடையில் வேறு டிஃபரன்ஷியல் கிடையாது. ஆகவே முன் ஜோடியின் சராசரி வேகமும் பின் ஜோடியின் சராசரி வேகமும் எப்போதும் சமம். வளைவில் வெளிச்சக்கரத்தைக் கூடுதலாகவும் உட்சக்கரத்தைக் குறைவாகவும் ஓட விடுவது இரு முனைகளிலும் இருக்கும் டிஃபரன்ஷியல்களின் வேலை.

வளைவை விட்டு வெளியே வரும்போதுதான் சிக்கல். த்ராட்டிலை அழுத்தியதும் காரின் எடை பின்னுக்கும் வெளிப்பக்கத்துக்கும் சாய்கிறது. முன் உட்சக்கரத்தின்மேல் எடை கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது. லூசான டிஃபரன்ஷியல் இரு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்கு விசையைத்தான் தரும். உட்சக்கரம் பிடிப்பில்லாமல் சுற்றினால் வெளிச்சக்கரமும் இழுக்காது. காரைத் தள்ளும் பொறுப்பு முழுவதும் பின் டயர்களின்மேல் விழும், வால் விலகும். அதனால்தான் முன்பக்கம் கெட்டியாக இருக்க வேண்டும். பின்பக்கம் கதை வேறு. அங்கே மிகவும் கெட்டியாக்கினால் இரண்டு சக்கரமும் சேர்ந்தே உருண்டு, சேர்ந்தே வழுக்கும். பின்னால் வேண்டியது மெல்லிய எதிர்ப்பு. அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

பெட்டியோடு வரும் டிஃபரன்ஷியலில் பிளாஸ்டிக் கூடு, உள்ளே மூன்று சிறு பெவல் கியர்கள். பல் உறுதியானதுதான், ஆனால் கூட்டுக்கு எண்ணெய் தாங்கும் சீல் இல்லை. மெல்லிய எண்ணெய் ஊற்றினால் தண்டு வழியாகக் கசிந்து கியர்பாக்ஸெல்லாம் பரவும். டமியாவின் ஆன்டி-வேர் கிரீஸ் அப்படி ஓடாது. அதை விரலில் எடுத்துப் பிரித்தால் வெல்லப்பாகு கம்பிப் பதத்துக்கு வந்ததுபோல் இழையாக நீளும். முன் டிஃபரன்ஷியலில் பல் மறையும்வரை இதை அடைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். கெட்டிப் பொருளுக்குச் சீல் தேவைப்படாது. அதனால் காசு கொடுத்து வாங்கும் ஆயில் டிஃபரன்ஷியல் பின்பக்கம் போகட்டும்.

டமியாவே இந்தச் சேஸிஸுக்கு ஆயில் டிஃபரன்ஷியல் யூனிட் விற்கிறது. தண்டைச் சுற்றி ஓ-ரிங், மூடிக்கும் கூட்டுக்கும் நடுவே கேஸ்கெட். கட்டும்போது பொறுமை முக்கியம். ஓ-ரிங்கில் கிரீஸ் தடவாமல் தண்டைச் செருகினால் ரப்பர் கிழியும். சிலிகான் எண்ணெயைச் சிறுகச் சிறுக ஊற்றி, கியர்களை விரலால் சுற்றி, குமிழிகள் மேலே வந்து உடையும்வரை காத்திருக்க வேண்டும். சிறு கியர்கள் மூழ்கினால் போதும். விளிம்புவரை நிரப்பினால் சூட்டில் விரியும் எண்ணெய் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். மூடியின் ஸ்க்ரூக்களை ஒரே பக்கமாக இறுக்காமல் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். டமியா ஸ்க்ரூக்களின் தலை ஜே.ஐ.எஸ். வகை, சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் அதை வழித்துவிடும்.

திரும்பப் பொருத்தும்போது பெரிய கியர் முன்பு எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம் இருக்க வேண்டும். மாறினால் பின் சக்கரங்கள் எதிர்த்திசையில் சுற்றி முன் சக்கரங்களோடு மல்லுக்கட்டும். காரைத் தூக்கிப் பிடித்து லேசாகத் த்ராட்டில் கொடுத்து, நான்கும் முன்னோக்கிச் சுற்றுகின்றனவா என்று பார்த்த பிறகே தரையில் விடுங்கள்.

எண்ணெயின் எண் என்பது அது எவ்வளவு கெட்டி என்பதன் அளவு. அந்த அளவில் தண்ணீர் ஏறத்தாழ 1. பின்பக்கத்துக்கு நான் 3,000-இல் தொடங்கி 5,000-இல் நின்றேன். தார்த்தரையில் ரப்பர் டயருக்கு அது பொருந்தியது. வளைவின் நடுவிலேயே த்ராட்டிலைத் திறக்க முடிகிறது, வால் தன் கோட்டைவிட்டு நகர்வதில்லை. பேட்டரி தீரும் நேரத்திலும் கார் தொடக்கத்தில் இருந்தபடியே நடந்துகொள்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். முன்பக்கம் கெட்டியானதற்கு ஒரு விலையும் உண்டு. த்ராட்டிலை விட்டு வளைவுக்குள் நுழையும்போது மூக்கு முன்புபோல் சட்டென்று திரும்பாது. சற்று முன்னதாகவே ஸ்டியரிங்கைத் திருப்பப் பழக வேண்டும்.

பால் டிஃபரன்ஷியலும் இருக்கிறது. குட்டிக் குட்டி எஃகு உருண்டைகள் இரு தட்டுகளுக்கு நடுவே உருளும் வகை. ஸ்க்ரூவைத் திருகியே இறுக்கத்தை மாற்றலாம், ஓட்டமும் வழவழப்பு. ஆனால் இறுக்கம் குறைந்தால் தட்டு வழுக்கிச் சூடாகித் தேயும், அடிக்கடி பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். விடுமுறை நாளில் மட்டும் ஓட்டுபவருக்கு அந்த வேலை வேண்டாம்.

ஒரே ஒரு ஆயில் யூனிட் வாங்கிப் பின்னால் போடுங்கள், முன்னால் ஆன்டி-வேர் கிரீஸை அடையுங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் கியர்பாக்ஸைத் திறந்து கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். கூடு காய்ந்திருந்தால் புது மோட்டாரைப் பற்றி யோசிக்கலாம்.