கரையத் தெரிந்த மெருகு

மரச் சுவருக்குப் பாலிஷ் போட்டு முடித்தவரிடம் "கண்ணாடி மாதிரி மின்னுகிறது" என்று சொன்னால் பலருக்கு முகம் மலரும். கைதேர்ந்த பாலிஷ்காரருக்கு மலராது. அவர் காதில் விழ விரும்பும் சொல் வேறு: "அடடா, என்ன தேக்கு!" பளபளப்பு கண்ணை வாசலிலேயே நிறுத்திவிட்டால் வேலை அரைகுறைதான். பார்வையை உள்ளே விட்டு மரத்தின் ரேகையைக் காட்டுவதுதான் நல்ல மெருகு. பழைய மரச் சுவரைப் புதுப்பிக்கும் கலையை ரசிக்க இந்த ஒரு அளவுகோல் போதும்.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாக்கள் சிலவற்றில் கூடத்துச் சுவர் முழுக்கப் பலகை அடித்திருக்கும். சில வீடுகளில் இடுப்பு உயரம் வரை. பழைய கிளப்புகளிலும் நூலகங்களிலும்கூட இந்த வேலையைப் பார்க்கலாம். அந்தக் காலத்து மரவேலைக்குப் பெரும்பாலும் பிரெஞ்சு பாலிஷ்தான். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸில் பேரெடுத்த முறை இது. ஆனால் அதன் உயிரான அரக்கு நம் நாட்டுச் சரக்கு. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளில் புரசு, இலந்தை, குசும் மரங்களின் இளங்கிளைகளில் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின் அது. கிளையிலிருந்து சுரண்டி, நொறுக்கி, சாயம் போகக் கழுவி, நீண்ட துணிப்பையில் இட்டு நெருப்பருகே உருக்கிப் பிழிந்து, மெல்லிய தகடாக இழுத்து, உடைத்தால் செதில் தயார். குசும் மரத்து அரக்குக்கு நிறம் வெளிறியது, மதிப்பும் கூடுதல். அந்தச் செதிலை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு வடிகட்டினால் அதுவே பாலிஷ்.

அரக்கின் அருமை அதன் பளபளப்பில் இல்லை. காய்ந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் ஸ்பிரிட் பட்டால் மறுபடி இளகும் குணத்தில் இருக்கிறது. இன்று ஏற்றும் பூச்சு பாட்டன் காலத்துப் பூச்சோடு உருகி ஒன்றாகிவிடும். நடுவே கோடு விழாது. அதனால்தான் கெட்ட இடத்தை மட்டும் சரிசெய்து மற்றதைத் தொடாமல் விட முடிகிறது.

விவரம் தெரிந்தவர் வந்ததும் உப்புத்தாளைக் கையில் எடுக்க மாட்டார். கதவுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத மூலையில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்துப் பார்ப்பார். சற்று நேரத்தில் பிசுபிசுத்தால் அரக்கு. அசையாமல் இருந்தால் வார்னிஷோ வேறெதுவோ, அதற்கு வைத்தியம் வேறு. அடுத்தது அழுக்கு. மங்கிப்போனதாக நாம் நினைக்கும் சுவரில் பாதிக்கு மேல் புகையும் பழைய மெழுகும் கை எண்ணெயும்தான் படிந்திருக்கும். டர்பன்டைனில் நனைத்த துணியால் துடைத்தாலே, செத்துவிட்டது என்று நினைத்த நிறம் எழுந்து வரும். பல சுவர்களுக்கு வேலை அதோடு முடிந்துவிடும்.

மிஞ்சும் கறைகளைப் படிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. வெள்ளைப் புகைச்சல் என்றால் ஈரம் மேல்பூச்சோடு நின்றிருக்கிறது என்று அர்த்தம். ஸ்பிரிட் தொட்ட துணியை லேசாக ஓட்டினால் பெரும்பாலும் மறையும். இரும்பு ஆணியைச் சுற்றிக் கறுத்திருந்தால் கறை மரத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது. இரும்பும் மரத்தின் துவர்ப்பும் ஈரத்தில் கலந்த கறுப்பு அது. அந்த இடத்தில் மட்டும் பாலிஷை நீக்கி, கையுறை போட்டுக்கொண்டு, ஆக்ஸாலிக் அமிலக் கரைசலால் வெளுக்க வேண்டும். படம் மாட்டியிருந்த இடம் சதுரமாக வேறு நிறத்தில் தெரிந்தால் அது கறையே இல்லை. வெளிச்சம் படப்படச் சுவரோடு சேர்ந்துகொள்ளும். அதைத் தேய்க்காமல் விடுபவர்தான் கெட்டிக்காரர்.

பார்த்து ரசிக்க வேண்டிய கட்டம் இனிமேல்தான். பஞ்சை உருட்டி, பலமுறை துவைத்து மெத்தென்றான பருத்தித் துணியில் கட்டிய சிறு பொட்டலம்தான் கருவி. பாலிஷ் பஞ்சுக்குள் இருக்கும்; அழுத்தினால் துணி வழியே கசியும், அவ்வளவுதான். நிற்கும் சுவருக்கு இது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! பிரஷ்ஷால் அடித்தால் வழிந்து திவலை கட்டும். பொட்டலத்தில் வழிவதற்கு எதுவும் இல்லை. முதலில் வட்டம் வட்டமாக, பிறகு எட்டு வடிவில், கடைசியில் நார் ஓட்டத்தோடு நேராகக் கை போகும். வழுக்கிச் செல்ல ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெய். ஓடும் கை நடுவில் நின்றால் போச்சு: துணி ஒட்டிக்கொண்டு தழும்பு விழுந்துவிடும். அதனால் கை சுவரில் இறங்கும்போதும் ஓட்டத்தில் இருக்கும், விலகும்போதும் ஓட்டத்தில் இருக்கும். நல்ல பாலிஷ்காரரின் தோளைக் கவனித்தால் இந்தத் தாளம் தெரியும்.

ஒரு நடைக்கும் அடுத்ததற்கும் நடுவே காயவிட வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்தால் பூச்சு பால் நிறமாகப் பூத்துவிடும் என்பதால், மலைப்பகுதியில் மழையும் மூடுபனியும் ஓய்ந்த நாட்களே இதற்கு ஏற்றவை. அரக்கைக் கரைத்து ஆண்டுக்கணக்கில் வைத்திருந்த பாட்டிலையும் நம்பக் கூடாது. பழைய கரைசல் ஒழுங்காக இறுகாது.

முடிந்த வேலையை எப்படிப் பார்ப்பது? நேரே நின்று பார்க்காதீர்கள். ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்படி பக்கவாட்டில் நின்று பாருங்கள். சட்டங்களின் விளிம்பு கூராக இருக்கிறதா, உப்புத்தாள் பட்டு மழுங்கியிருக்கிறதா? செதுக்குப் பள்ளங்களில் காலத்தின் கருமை கொஞ்சம் மிச்சம் இருக்கிறதா? ஸ்விட்சுக்குப் பக்கத்தில், கைப்பிடி உயரத்தில், பல தலைமுறைக் கைகள் தடவிய வழவழப்பு அப்படியே இருக்கிறதா? இருந்தால், அங்கே வேலை செய்தவர் மரத்துக்கு மரியாதை கொடுத்திருக்கிறார்.

இன்றைய பியூ (பாலியூரித்தேன்) பூச்சைக் குறை சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் தெறிக்கும் சமையலறைக்கு அது அரக்கைவிட உறுதி. ஆனால் இறுகியபின் அது ஸ்பிரிட்டில் மறுபடி இளகாது. ஒரு மூலையில் உரிந்தால் ஒட்டுப்போட்ட இடம் தனியாகத் தெரியும். பலகை முழுவதையும் தேய்த்துத்தான் மறுபடி தொடங்க வேண்டும். ஒவ்வொரு தேய்ப்பிலும் மரம் கொஞ்சம் குறைகிறது. கூடத்துச் சுவரைப் பொறுத்தவரை, எளிதில் காயப்பட்டு எளிதில் குணமாகும் அரக்குக்கே என் ஓட்டு.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு சுவர் இருந்தால் சோப்புத் தண்ணீரையும் சானிடைசரையும் அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். இரண்டும் அரக்கைக் கெடுக்கும். வேலைக்கு வருபவர் மூலையில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்காமல் தேய்ப்பு மெஷினுக்கு பிளக் தேடினால், காபி கொடுத்து மரியாதையாக அனுப்பிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.