ஒன்பது அங்குலச் சட்டம்

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் கூரிய ஆயுதங்களுக்கென்று ஓர் அளவு இருக்கிறது. வாள், குத்துவாள், ஈட்டி, கத்தி எதுவானாலும் அலகு ஒன்பது அங்குலத்தைத் தாண்டி நீண்டிருந்தாலோ, இரண்டு அங்குலத்தைத் தாண்டி அகன்றிருந்தாலோ பட்டியலில் ஏறிவிடும். வீட்டுக்கும் வயலுக்கும் தொழிலுக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. தங்கவயலை அடுத்த பேத்தமங்களாவைச் சுற்றி ராகி அறுக்கும் அரிவாளை எடுத்துக்கொள்வோம். வளைவோடு நூல் பிடித்து அளப்பதா, அடியிலிருந்து நுனிக்கு நேராக அளப்பதா? விதி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை, அது விவசாயக் கருவி. அதே இரும்பு இரவு பத்து மணிக்கு பைக்கில் சாக்கு சுற்றிக் கிடந்தால் என்ன ஆகும் என்ற இடத்தில்தான் இந்தச் சட்டத்தின் பலமும் பலவீனமும் தெரியவரும்.

பெங்களூரில் யாரையாவது நடுத்தெருவில் வெட்டும் வீடியோ கைபேசிகளில் சுற்றினால், மறுநாளே ஒரு கோரிக்கை எழும்: லாங்கு, மச்சு என்கிற வெட்டுக்கத்திகளை வைத்திருந்தாலே உள்ளே தள்ளுகிற மாதிரி மாநில அரசு தனிச் சட்டம் கொண்டுவர வேண்டும். கோபம் நியாயமானது. ஆனால் ஆயுதங்கள் என்ற பொருள் அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் மத்திய அரசின் பட்டியலில், 5ஆவது இடத்தில் இருக்கிறது. மாநிலத்திடம் இருப்பது பொது ஒழுங்கு. ஆகவே விதான சௌதாவில் புதிய கத்திச் சட்டம் போடுவது பேசுகிற அளவுக்கு எளிதல்ல.

மாநிலத்தின் கையில் ஏற்கெனவே இருக்கும் கருவி 1963ஆம் ஆண்டு கர்நாடக போலீஸ் சட்டத்தின் 35ஆம் பிரிவு. கலவரம் மூளும் என்று தெரிந்தால் மாவட்ட மாஜிஸ்திரேட்டோ போலீஸ் கமிஷனரோ வாள், ஈட்டி, துப்பாக்கி, கத்தி, தடி, லட்டி எதையும் எடுத்துக்கொண்டு நடமாடக் கூடாது என்று உத்தரவு போடலாம். என் கணக்கில் நம்மிடம் உள்ள தடைகளில் உருப்படியானது இதுதான். இடமும் காலமும் குறித்து, ஊருக்கு அறிவித்துப் போடுவது. கெடு முடிந்தால் தானே விலகிப் போவது. ஊர்வலத்தின்போதும் தேர்தலின்போதும் இந்த வகை உத்தரவால் யாருடைய பிழைப்பும் நிரந்தரமாகக் கெடுவதில்லை. குறை என்னவென்றால், உடல் வன்முறைக்குப் பயன்படக்கூடிய எந்தப் பொருளும் இதற்குள் அடங்கும். அப்படிப் பார்த்தால் எதுதான் அடங்காது? ஸ்பேனர், கடப்பாரை, கிரிக்கெட் மட்டை எல்லாம் அடங்கும். உத்தரவு நல்லதா கெட்டதா என்பது அதைப் போடுகிற அதிகாரியின் நிதானத்தைப் பொறுத்தது என்றாகிவிடுகிறது.

ஆயுதச் சட்டத்துக்கே திரும்புவோம். அதன் வரையறை, எழுதப்பட்ட அளவில், புத்திசாலித்தனமானது. தாக்கவோ தற்காக்கவோ ஆயுதமாக வடிவமைத்ததுதான் ஆயுதம். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டும் என்று செய்தது ஆயுதமல்ல. கைத்தடியும் லட்டியும்கூட அல்ல. அதாவது இரும்பின் நீளத்தைவிட அது எதற்காகப் பிறந்தது என்பதையே சட்டம் முதலில் கேட்கிறது. கத்தி வைத்திருப்பதற்கு எல்லா இடத்திலும் உரிமம் வேண்டும் என்றும் அது சொல்லவில்லை. 4ஆம் பிரிவின் கீழ் ஒரு பகுதியைக் குறிப்பிட்டு அரசு அறிவிக்கை வெளியிட்டால்தான் அங்கே இந்த வகை ஆயுதத்துக்கு உரிமம் தேவை. அறிவிக்கையை மீறினால் 25ஆம் பிரிவில் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை.

கெடுவது அறிவிக்கையில்தான். டெல்லியில் 1980இல் ஓர் அறிவிக்கை வந்தது. அலகு 7.62 செண்டிமீட்டர் நீளமும் 1.72 செண்டிமீட்டர் அகலமும் இருந்தாலே போதும். மூன்று அங்குலம்! ஒன்பது அங்குலமாக இருந்த வாசல் மூன்று அங்குலமாகச் சுருங்கியதும், பட்டன் கத்தி வைத்திருந்த பையன்கள் அந்த நகரில் மலிவான வழக்குகளுக்குத் தீனியானார்கள். 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அப்படி ஒரு வழக்கின் குற்றப்பத்திரிகையையே ரத்து செய்தது. பட்டன் கத்தியைத் தயாரிப்பது, விற்பது, விற்கவோ சோதிக்கவோ வைத்திருப்பது ஆகியவற்றைத்தான் அந்த அறிவிக்கை தடுக்கிறது. குற்றம்சாட்டப்பட்டவர் விற்க வைத்திருந்தார் என்று குற்றப்பத்திரிகையில் ஒரு வரிகூட இல்லை. நாற்பது ஆண்டுக்கு மேலாக நடைமுறையில் இருக்கும் ஓர் அறிவிக்கையை ஒழுங்காகப் படிக்க உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

நியூயார்க்கிலும் இதே கதை நடந்திருக்கிறது. 1958இல் அங்கே ஒருவகை மடக்குக் கத்தியைத் தடை செய்தார்கள். மணிக்கட்டை ஓர் உதறு உதறினால் அலகு வெளியே வருகிறதா என்பதுதான் போலீஸின் சோதனை. கடையில் தாராளமாகக் கிடைத்த, கட்டடத் தொழிலாளியும் பெட்டி பிரிக்கும் ஊழியரும் இடுப்பில் செருகியிருந்த கத்திகள் இதில் சிக்கின. மாட்டிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்களும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும். 2019இல் அந்தத் தடையை நீக்கினார்கள். ஆயுதம் ஏந்தும் உரிமையை 1791 முதல் அரசமைப்பிலேயே வைத்திருக்கும் நாடு அது. அந்த உரிமையும் கூலிக்காரனின் கத்தியை அறுபது ஆண்டுக் காலம் காப்பாற்றவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நம் பக்கத்து மாநிலத்தில் நடந்தது வேறு வகை. 2021 செப்டம்பரில் அடுத்தடுத்துக் கொலைகள் நடந்த பிறகு, டிஜிபி சைலேந்திர பாபுவின் காலத்தில், தமிழ்நாடு போலீஸ் இரவோடு இரவாக ரவுடிகளின் வீடுகளைச் சோதித்தது. ஆயிரத்துக்கு மேல் கத்திகளும் அரிவாள்களும் பிடிபட்டன. அதோடு பட்டறைக்காரர்களுக்கு ஒரு கட்டளை: வாங்குகிறவர் பெயர், முகவரி, போன் நம்பர், எதற்கு வாங்குகிறார் என்பதை நோட்டில் எழுது, கேமரா வை, தெரியாத ஆளுக்கு விற்காதே.

இரவுச் சோதனையைவிட இந்த நோட்டுதான் எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது. அதில் ஒரு நியாயம் உண்டு. வீச்சரிவாள் சந்தையில் குவித்துப் போட்டு விற்கும் பொருளல்ல. சொல்லி அடிக்க வேண்டும். திருப்பாச்சேத்திக் கொல்லருக்கு இது தென்னை மட்டைக்கா, வேறு எதற்கா என்பது பிடியின் நீளத்தைக் கேட்கும்போதே தெரிந்துவிடும். பட்டறையில் கேள்வி கேட்பது, தெருவில் நிறுத்திச் சோதிப்பதைவிட நாகரிகமானது. கெட்ட பக்கமும் இருக்கிறது. நோட்டும் கேமராவும் வாங்கிவைக்க முடிகிறவர் ஊரறிந்த பட்டறைக்காரர். சாலையோரம் கூடாரம் போட்டு, குழந்தைகளோடு உட்கார்ந்து இரும்படிக்கும் வடநாட்டுக் குடும்பத்திடம் எந்த நோட்டு? 2018இல் ஔரங்காபாதில் இணையக் கடை வழியே கூரியரில் வந்த வாள்களையும் கத்திகளையும் போலீஸ் பிடித்தது. கூரியரில் வாள் வருகிற காலத்தில் கொல்லருக்கு மட்டும் கேமரா வைப்பது, ஓட்டைப் பானையின் வாயை மூடுகிற காரியம்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை அவன் வீட்டுக்கே போய் அரிவாளால் வெட்டியவர்கள் உடன் படித்த பையன்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. விவசாய ஊரில் அரிவாள் இல்லாத வீடு ஏது? அங்கே தடை செய்யப்பட வேண்டியிருந்தது சாதித் திமிர். அதனால்தான் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு அரிவாளோடு மல்லுக்கட்டாமல் பள்ளிக்குள் சாதியைத் தேடிப் போனது.

தங்கவயல்காரர்களுக்கு இதில் சொல்ல ஒன்று உண்டு. சினிமா புண்ணியத்தில் கே.ஜி.எஃப் என்றாலே துப்பாக்கி என்று நாடே நினைக்கிறது. உண்மையில் இங்கே நூறாண்டுக்கு மேல் அன்றாடம் புழங்கியது அதைவிட அபாயமான வெடிமருந்து. பேத்தமங்களா ஏரித் தண்ணீர் குழாயில் போய்ச் சேர்ந்த அந்தச் சுரங்கங்களில், சான்றிதழ் பெற்ற ஆள், குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட வேலைக்குத்தான் வெடி வைக்கலாம். வேலை, இடம், ஆள் மூன்றையும் பார்த்த அந்த ஒழுங்குமுறை 2001இல் சுரங்கம் மூடும்வரை இருந்தது. கத்திக்கு அத்தனை கெடுபிடி வேண்டாம். ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் அவைதான். அளவுநாடா அவற்றுக்குப் பதில் சொல்லாது.

அப்படியானால் ஆயுதம் வைத்திருப்பதை உரிமையாக்கிவிட்டால் என்ன? இந்த வாதத்துக்கு இந்தியாவில் நல்ல பூர்வீகம் உண்டு. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கையோடு, 1801 டிசம்பரில் கும்பினியார் தென்பாளையங்களில் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னார்கள். 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியரிடம் உரிமம் கேட்டு, வெள்ளையரை விட்டுவிட்டது. மைசூர் சமஸ்தானத்து எல்லைக்குள் இருந்த தங்கவயலிலும் வெள்ளையரும் ஆங்கிலோ-இந்தியரும் சேர்ந்த தொண்டர்படை துப்பாக்கி ஏந்தியிருந்தது. தமிழ்த் தொழிலாளியிடம் கைரேகை கேட்டார்கள், அதை எதிர்த்து 1930இல் பெரிய வேலைநிறுத்தமே நடந்தது. அந்தச் சூட்டில்தான் காங்கிரஸின் 1931 கராச்சித் தீர்மானம் ஆயுதம் வைத்திருப்பதை, கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட அடிப்படை உரிமையாகச் சேர்த்தது. 1948 டிசம்பரில் அரசமைப்பு அவையில் எச்.வி. காமத் அதை நினைவூட்டித் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை, உரிமை என்று எழுதினால் திருடனுக்கும் போக்கிரிக்கும் அது உரிமையாகும் என்பது அவர் வாதம். திருத்தம் தோற்றது.

அம்பேத்கர் சொன்னதே சரி என்பேன். எல்லாருக்கும் ஆயுதம் என்றால், நிலமும் ஆள்பலமும் உள்ளவன் கையில்தான் முதலில் ஆயுதம் சேரும்; சேரி கடைசியில்தான். இதே கர்நாடகத்தின் குடகில் கொடவ இனத்தவருக்கும் ஜம்மா என்ற பரம்பரை நிலம் உடையவர்களுக்கும் துப்பாக்கி உரிமத்திலிருந்து விலக்கு இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சலுகை. மாநில உயர் நீதிமன்றம் 2021இல் செல்லும் என்றது. கயில்போள்து நாளில் அவர்கள் துப்பாக்கியைப் பூவைத்துக் கும்பிடும் மரபை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிறப்பையும் நிலத்தையும் பார்த்துத் தருவது உரிமையாகாது. சீக்கியரின் கிர்பானுக்கு அரசமைப்பின் 25ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு வேறு. அது சமயக் கடமையைச் சார்ந்தது.

பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பலரும் முன்மாதிரி என்கிறார்கள். மூன்று அங்குலத்துக்கு மிகாத மடக்குக் கத்திக்குத் தடையில்லை. மற்றதைப் பொது இடத்தில் கொண்டுபோனால் நியாயமான காரணம் காட்ட வேண்டும். தொழில் நிமித்தம் என்பது ஏற்கத்தக்க காரணம். கருத்து நல்லது, ஆனால் நிரூபிக்கும் பாரம் கொண்டுபோகிறவர் தலையில். இளநீர் வண்டிக்காரர் மச்சோடு வீடு திரும்பும்போது, அதே பாரத்தை நம் ஊர் சப்-இன்ஸ்பெக்டர் முன்னால் வைத்துப் பாருங்கள். வண்டிக்காரர் சொல்லும் காரணத்தை ஏற்பது அவருடைய சட்டையையும் பேச்சையும் பொறுத்துப் போய்விடும். ஆகவே அந்தச் சட்டத்திலிருந்து கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கெட்ட எண்ணத்தோடு கொண்டுபோனார் என்று காட்டும் பொறுப்பு போலீஸிடமே இருக்கட்டும்.

கர்நாடக அரசுக்கு இப்போது தேவை புதிய சட்டமல்ல. 35ஆம் பிரிவு உத்தரவுகளில் தொழில் கருவிக்கு வெளிப்படையாக விலக்கு எழுதினாலே பாதி அநியாயம் குறையும். இணையத்தில் விற்கும் வாள்களைப் பற்றி மத்திய அரசிடம் பேசலாம். மீதிக்கு, 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு இருக்கிறது: ஒரு பொருளைக் கைப்பற்றும்போது போலீஸ் அதை வீடியோ எடுத்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். உங்கள் அரிவாளையோ மச்சையோ யாராவது வழியில் பறித்தால் வாக்குவாதம் வேண்டாம். வீடியோ எடுத்தீர்களா என்று கேளுங்கள்; மகஜர் நகலைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.