சாக்கோவின் வயல்

கேரளத்தில் மாவேலிக்கரையை அடுத்த குன்னம் என்ற ஊரில் ஒரு வயல் உண்டு. 1984ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 22ஆம் நாள், ஞாயிறு விடியுமுன், அவ்வயலில் ஓர் அம்பாசிடர் கார் எரிந்துகொண்டிருந்தது. அதனுள்ளே அடையாளம் காண முடியாதபடி கரிந்த ஓர் உடல். அதன்பின் அவ்வூர் மக்கள் அந்த இடத்தைச் 'சாக்கோ பாடம்' என்றே அழைக்கலாயினர். பாடம் என்றால் மலையாளத்தில் வயல்; சாக்கோ என்பது யாக்கோபு என்னும் பெயரின் கேரள வடிவம். தப்பியோடியவர் பெயரை அம்மக்கள் அந்நிலத்திற்கு இடவில்லை, இறந்தவர் பெயரையே இட்டனர்.

அதே நிகழ்ச்சியைத் தழுவி, 2021 நவம்பர் 12 அன்று வெளிவந்த மலையாளத் திரைப்படம் தப்பியோடியவரின் பெயரைத் தாங்கி வந்தது: 'குரூப்'. ஸ்ரீநாத் ராஜேந்திரன் இயக்கி, துல்கர் சல்மான் நடித்த இப்படம் தமிழிலும் மொழிமாற்றம் செய்யப்பட்டு வெளியிடப்பட்டதால், நம் வாசகர் பலரும் பார்த்திருக்கக்கூடும். பெருந்தொற்றுக் காலம் முடிந்து கேரளத் திரையரங்குகள் திறந்த சில நாட்களிலேயே வந்து, பெருங்கூட்டத்தை ஈர்த்த படம் இது. வயலுக்கு ஊர் இட்ட பெயரும் படத்திற்குக் கலைஞர்கள் இட்ட பெயரும் வெவ்வேறாய் இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வளைகுடா நாட்டில் பணியாற்றிவந்த சுகுமார குரூப் என்பவர், தாம் இறந்துவிட்டதாகக் காட்டித் தம் பெயரிலிருந்த காப்பீட்டுத் தொகையைப் பெறத் திட்டமிட்டார் என்பது வழக்கு. அதற்கு ஒரு பிணம் வேண்டும். அது கிடைக்காமற்போகவே, தம் உருவத்தை ஒத்த ஒருவரைத் தேடித் தேசிய நெடுஞ்சாலை 47இல் இரவில் கார்கள் புறப்பட்டன. கருவாற்றாவில் வீடு திரும்ப வண்டிக்காகக் காத்து நின்றார் சாக்கோ. அவர் ஒரு பிலிம் ரெப்ரசென்டேடிவ். வீட்டில் கருவுற்ற மனைவி. ஏறிக்கொள்ளச் சொன்னார்கள், ஏறினார். கொன்றபின் முகத்தைச் சிதைத்து, காரிலே வைத்து எரித்தனர். முதலில் இறந்தவர் குரூப் என்றே ஊர் நம்பியது. ஆனால் மூச்சுக்குழலில் புகைக்கரி இல்லாததால், தீ வைக்கப்படும் முன்பே உயிர் பிரிந்திருந்தது என்று பிணப் பரிசோதனை காட்டிக்கொடுத்தது. உடந்தையாயிருந்த உறவினருக்கும் ஓட்டுநருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. குரூப் மட்டும் நீதிமன்றக் கூண்டில் ஒருநாளும் நிற்கவில்லை, பிடிபடவே இல்லை.

இனி படம். அதன் தொழில்நேர்த்தியை மறுப்பதற்கில்லை. பழைய பம்பாயும் வளைகுடாப் பணத்தால் மாறிக்கொண்டிருந்த கேரளமும் நிமிஷ் ரவியின் ஒளிப்பதிவில் உயிர்பெறுகின்றன. சுஷின் ஷியாமின் இசை காட்சிகளைத் தாங்கிப் பிடிக்கிறது. உறவினர் பாசிப் பிள்ளையாக வரும் ஷைன் டாம் சாக்கோ (பெயர்ப் பொருத்தத்தை என்னென்பது!) மது நாற்றமும் அச்சமும் மூர்க்கமும் கலந்த ஒரு மனிதனை நம் கண்முன் நிறுத்துகிறார். மெய்யான குற்றம் எத்தகைய முகத்துடன் வரும் என்பதை இப்படத்தில் அவர் ஒருவரே காட்டுகிறார் என்பேன்.

தலைவனின் முகமோ வேறு. விமானப்படை நாட்களிலிருந்து அவன் செய்யும் ஏமாற்றுகள் யாவும் சாமர்த்தியங்களாகவே படமாக்கப்பட்டுள்ளன. அவன் நடந்துவரும்போது இசை எழுகிறது. உடையும் மீசையும் கண்ணாடியும் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒரு புதிய அழகைத் தருகின்றன. இந்திரஜித் சுகுமாரன் ஏற்ற காவல் அதிகாரி பாத்திரம் பொறுமையாகத் துரத்துகிறது; ஆயினும் நம் மனம் துரத்துபவர் பக்கம் சாயாதவாறு திரைக்கதை பார்த்துக்கொள்கிறது. பிற்பகுதியில் இவனைப் பன்னாட்டுக் குற்றவலையின் பெரும்புள்ளியாகவே உயர்த்திவிடுகிறார்கள். இறுதியில் அவன் புதிய பெயரோடு, தோரணை சற்றும் குலையாமல், அடுத்த படத்திற்கான வாயிலைத் திறந்துவைத்துப் போகிறான்.

நான் குறை காண்பது இங்கேதான். உண்மை நிகழ்ச்சியின் கொடூரம் அதன் அற்பத்தனத்தில் இருக்கிறது. பகையில்லை, கொள்கையில்லை, கோபம்கூட இல்லை. உயரமும் உடல்வாகும் ஒத்திருந்தன என்பதற்காக ஒரு மனிதர் கொல்லப்பட்டார். அவர் யார் என்று கொன்றவர்கள் அறிந்திருக்கவில்லை. அறியும் தேவையும் அவர்களுக்கு இல்லை. ஓர் ஆளை வெறும் அளவாகக் கண்ட அந்தப் பார்வையை நமக்கு உணர்த்தியிருந்தால் இப்படம் நம்மை நடுங்கவைத்திருக்கும். அதை மாபெரும் சதியாகப் பெரிதாக்கியதால், அற்பம் கம்பீரமாகிவிட்டது.

கொல்லப்படுபவர் படத்தில் சார்லி என்ற பெயரில் வருகிறார். நடித்திருப்பவர் டோவினோ தாமஸ். வந்துபோகும் நேரம் குறைவு, ஆனால் நெஞ்சை விட்டு அகலாத நேரம். வீடு திரும்பும் அவசரமும், முன்பின் அறியாதவர் காரில் ஏறும்போது இருக்கும் கூச்சமும், பிறகு மெல்லத் தலைதூக்கும் ஐயமும் அந்த முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கின்றன. நான் பார்த்த காட்சியில், அதுவரை சீட்டியடித்துக்கொண்டிருந்த இளைஞர் கூட்டம் இங்கே அடங்கிவிட்டது. சற்று நேரம்தான். அடுத்துத் தலைவன் திரையில் தோன்றியதும் சீட்டி மீண்டும் தொடங்கிற்று.

பிலிம் ரெப்ரசென்டேடிவ் என்ற தொழிலை இன்றைய தலைமுறை அறியாது. படச்சுருள்கள் பெட்டிகளில் ஊர் ஊராகச் சென்ற காலத்தில், விநியோகஸ்தரின் ஆளாகத் திரையரங்கில் இருந்து, விற்ற சீட்டுகளைக் கணக்கெடுத்து, பங்குத் தொகையைச் சரிபார்ப்பவர் அவர். கடைசிக் காட்சியின் கணக்கு முடிந்த பிறகே வீட்டு நினைவு. திரைப்படம் என்னும் பெருந்தொழிலின் அடித்தட்டில் நின்று, எந்தப் பெயர்ப்பட்டியலிலும் இடம்பெறாமல் உழைத்த ஒருவரின் சாவைத்தான் அத்தொழில் திரும்பத் திரும்பக் கதையாக்கியிருக்கிறது. நிகழ்ச்சி நடந்த 1984ஆம் ஆண்டிலேயே பேபியின் இயக்கத்தில் 'என்.எச். 47' வந்துவிட்டது, நம் சேலத்தில் தொடங்கிக் கேரளம் வழியே குமரிமுனை வரை சென்ற அச்சாலையின் பெயர்தான் தலைப்பு. 2016இல் அடூர் கோபாலகிருஷ்ணன் 'பின்னெயும்' எடுத்தார். ஒரு நடுத்தரக் குடும்பம் காப்பீட்டுப் பணத்திற்காக எவ்வளவு எளிதில் பாவத்திற்கு உடன்படுகிறது என்று அவர் கேட்டார். கேள்வி ஆழமானது, படம் சற்று விறைப்பானது. அங்கும் கதை கொன்றவர் வீட்டைச் சுற்றியே நிகழ்கிறது.

தொடக்க நூலில் காயினும் ஆபேலும் வரும் பகுதியை நினைத்துப்பார்க்கிறேன். அங்கே ஆபேல் வாய்திறந்து ஒரு சொல்லும் பேசுவதில்லை. பேசுபவன் எல்லாம் காயினே. ஆனால் கதையைச் சொன்னவர் காயினின் பேச்சில் மயங்கிவிடவில்லை. மண்ணில் சிந்திய இரத்தத்தின் குரலை அவர் கேட்கிறார், நம்மையும் கேட்கச் செய்கிறார். கொலைகாரனைப் பற்றிக் கதை எழுதவே கூடாது என்பதல்ல என் வாதம். எழுதுபவரின் செவி எப்பக்கம் திரும்பியிருக்கிறது என்பதே கேள்வி.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். படத்தின் முன்னோட்டத்தைக் கண்டு சாக்கோவின் குடும்பத்தார் வழக்கறிஞர் வழியே அறிவிக்கை அனுப்பினர். தந்தை இறந்தபோது தாயின் வயிற்றில் இருந்த அந்த மகனுக்குப் படக்குழுவினர் வெளியீட்டுக்கு முன்னரே படத்தைக் காட்டினர். பார்த்தபின், இது குரூப்பை மகிமைப்படுத்தவில்லை என்று அவர் கூறினார். தந்தையின் முகத்தையே காணாத ஒருவர், திரையில் வேறொரு நடிகரின் முகத்தில் அந்தக் கடைசிப் பயணத்தைக் கண்டிருக்கிறார். அவருடைய தீர்ப்பை மறுக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் அவருக்கு அந்தச் சில நிமிடங்களே முழுப் படமாய் இருந்திருக்கும். நாமோ மற்ற இரண்டு மணி நேரத்திற்காகச் சீட்டு வாங்கியவர்கள்.